ஒரே கணினியில் இரண்டு ரெடிஸ்: டேட்டா மாறிப்போன கதை

கோத்தகிரியில் எங்கள் தேயிலைக் கொள்முதல் கடையில் ஒரே கணினியில் இரண்டு ரெடிஸ் (டேட்டாவை ரேமில் வைத்திருக்கும் டேட்டாபேஸ் மென்பொருள்): இலை எடைக்கு 6379 போர்ட், லாரி வரவுக்கு 6380. கரண்ட் போய் வந்தால் எடை கேட்ட இடத்தில் லாரி நம்பர் வந்து நிற்கும். ரேம் மாற்றினேன், யுபிஎஸ் பேட்டரி மாற்றினேன். நாட்கள்தான் போயின.

லாகில் ஒரு எரர்கூட இல்லை. போர்ட் ஒன்றாக இருந்தால் இரண்டாவது ரெடிஸ் கிளம்பவே கிளம்பாது. ஆனால் டேட்டாவை டிஸ்க்கில் சேமித்துவைக்கும் டம்ப்.ஆர்டிபி ஃபைல் ஒன்றாக இருந்தால் வாயே திறக்காது. தற்காலிகப் பெயரில் எழுதி முடித்து, பழைய ஃபைல் இருந்த இடத்தில் சத்தமில்லாமல் வைத்துவிடும். கடைசியாகச் சேமித்தது எதுவோ, கரண்ட் வந்ததும் இரண்டும் அதையே படிக்கும்.

இரண்டு போர்ட்டிலும் 'கான்ஃபிக் கெட் டிர்' (எந்த ஃபோல்டரில் சேமிக்கிறது என்று கேட்கும் கட்டளை) கொடுத்துப் பார்த்தேன். ஒரே ஃபோல்டர்! தனித்தனி ஃபோல்டர் போட்டு, ரெடிஸ் யூசருக்கு எழுதும் உரிமை கொடுத்து, கான்ஃப் ஃபைல்களில் டிர் வரியை மாற்றினேன். அப்பாடா, இப்போது எடை எடையாகவே வருகிறது. பிஐடி ஃபைல் (ஓடும் ப்ராசஸின் எண்ணை வைத்திருக்கும் ஃபைல்), லாக் ஃபைல் பெயர்களையும் கையோடு பிரித்துவிடுங்கள்.