பாலியில் ஒரே நாளில் எரிமலை, கோயில், அரண்மனை: முதல்முறை போகிறவர்களுக்கு

பாலிக்குப் போய்க் கடற்கரையோடு திரும்பிவிடாதீர்கள். உள்பகுதி ஊரான உபூதில் தங்கி, கிழக்குப் பக்கத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். மலை முதலில், அரண்மனை கடைசியில். இந்த வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம், மதியத்துக்குள் மேகம் மலையை மூடிவிடும்.

1. முந்தின நாளே ஓட்டுநரோடு நாள் வாடகைக்குக் கார் பேசிவிடுங்கள். அன்று நியெபி, அதாவது பாலி இந்துக்களின் மௌன நாள், இல்லைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நியெபியன்று விமான நிலையமே மூடியிருக்கும், தெருவில் இறங்கக்கூட விடமாட்டார்கள்.

2. காலை ஆறு மணிக்குக் கிளம்பி, கிந்தாமணிப் பக்கம் பெனெலோகானில் இறங்குங்கள். எதிரே 1,717 மீட்டர் உயர பத்தூர் எரிமலை, அதன் காலடியில் ஏரி. சரிவில் கறுப்பாகப் படர்ந்திருப்பது உறைந்துபோன எரிமலைக் குழம்பு. 1926 வெடிப்பில் கீழே இருந்த பத்தூர் கிராமம் புதைந்தது. ஊர் மக்கள் மேலே விளிம்புக்குக் குடியேறியபோது தங்கள் கோயிலையும் அங்கேயே எழுப்பிக்கொண்டார்கள். அதுதான் உலுன் டானு பத்தூர். பார்க்காமல் நகராதீர்கள்.

3. அடுத்து அகுங் எரிமலைச் சரிவில் பெசாகி கோயில். கைலி போலச் சுற்றும் சரோங்கும் அதன்மேல் இடுப்பில் கட்டும் துணியும் கட்டாயம். வழிபாட்டு முற்றத்துக்குள் கும்பிட வருபவர்களுக்கு மட்டுமே அனுமதி, வெளியே நின்று பார்க்கலாம். நம் கோயில் பழக்கத்தில் மூலவரைத் தேடாதீர்கள். சிவன், பிரம்மா, விஷ்ணு மூவருக்கும் உயர்ந்த கல் பீடங்கள் மட்டும்தான், மேலே சிலை இருக்காது. சிவனுக்கு வெள்ளை, பிரம்மாவுக்குச் சிவப்பு, விஷ்ணுவுக்குக் கறுப்பு என்று துணி சுற்றியிருப்பார்கள். பின்னால் அடுக்கடுக்காக எழும் மேரு என்ற கோபுரங்களின் கூரை, பனைநார் வேய்ந்தது. 1963இல் அகுங் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குழம்பு பக்கத்திலேயே ஓடியும் இந்தக் கோயில் தப்பியது.

4. சாப்பிட்டுவிட்டுக் குளுங்குங் அரண்மனைக்கு இறங்குங்கள். 1908 ஏப்ரலில் டச்சுப் படை வந்தபோது, அரசர் சரணடையாமல் குடும்பத்தோடும் அரண்மனையாரோடும் துப்பாக்கிக்கு எதிரே நடந்து மடிந்தார். மிஞ்சியதில் பெரிய வாசலும் கெர்த்தா கோசா என்ற நீதி மண்டபமும் முக்கியம். மண்டபத்துக் கூரை ஓவியங்களைக் கீழ்வரிசையிலிருந்து பாருங்கள். நம் பஞ்சதந்திரத்துக்கு உறவான தந்திரிக் கதைகள் அங்கே இருக்கின்றன. மேலே போகப்போக, பெற்றோரை மீட்க நரகத்துக்குப் போகும் பீமன். கொதிக்கும் கொப்பரையில் கிடக்கும் பாவிகளைத் தேடிப் பிடியுங்கள். இங்கே அவசரப்படாமல் ஒரு மணி நேரமாவது இருங்கள்.

திர்த்த கங்காவையும் இதே நாளில் திணிக்க வேண்டாம். அந்த நீர் அரண்மனைக்குத் தனியாக ஒரு காலைப் பொழுது வேண்டும்.