கடைசி இரண்டு விடைகளில் எது சரி?

பத்தியைப் படித்து விடை தேர்ந்தெடுக்கும் கேள்விகளில், நான்கில் இரண்டைக் கழிப்பது பெரும்பாலும் எளிது. மிஞ்சும் இரண்டும் சரி போலவே தெரியும். மதிப்பெண் போவது அங்கேதான். அப்போது ‘எது இன்னும் பொருத்தம்?’ என்று யோசித்தால் சிக்கல், ஏனெனில் தவறான விடையும் பொருத்தமாகத் தோன்றும்படிதான் எழுதப்பட்டிருக்கும். ‘எதில் குறை இருக்கிறது?’ என்று தேடுங்கள். ஒரே ஒரு சொல் பிசகினாலும் அந்த விடை முழுதுமே தவறு.

விடைகளைப் பார்க்கும் முன்பே ஒரு வேலை உண்டு. கேள்வியைப் படித்ததும் பத்தியில் அதற்கான வரியைக் கண்டுபிடித்து, பதிலை உங்கள் சொந்தச் சொற்களில் மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. இதைச் செய்யாதவர்களைத்தான் விடைகள் தம் பக்கம் இழுத்துவிடுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு:

“இரவில் பூக்கும் செடிகள் பலவற்றின் பூக்கள் வெள்ளை நிறத்தவை. இருட்டில் அந்துப்பூச்சிகளுக்கு வெள்ளை எளிதில் புலப்படும். ஆனால் நிறம் மட்டும் போதாது. மணமும் அவற்றை இழுக்கிறது.”

இப்பத்தியிலிருந்து அறியக்கூடியது எது?

அ) இரவில் பூக்கும் பூக்கள் எல்லாம் வெள்ளை.
ஆ) அந்துப்பூச்சிகள் பூவை நாடி வருவதில் நிறத்துக்கும் மணத்துக்கும் பங்கு உண்டு.
இ) அந்துப்பூச்சிகளை ஈர்ப்பதில் நிறத்தைவிட மணமே முக்கியம்.
ஈ) பகலில் பூக்கும் பூக்களுக்கு மணம் குறைவு.

‘அ’ உடனே போய்விடும்: பத்தி சொன்னது ‘பல’, விடை சொல்வது ‘எல்லாம்’. பகல் பூக்களைப் பற்றிப் பேச்சே இல்லாததால் ‘ஈ’யும் இல்லை. மிஞ்சுவது ஆ, இ. இரண்டிலும் நிறம், மணம், பூச்சி என்று அதே சரக்குதான். எனவே பொதுவானதை விட்டுவிட்டு, வேறுபடும் இடத்தை மட்டும் பிடியுங்கள்: ‘பங்கு உண்டு’ என்பதும் ‘நிறத்தைவிட மணமே’ என்பதும். இந்த ஒப்பீடு பத்தியில் எங்கே? ‘நிறம் மட்டும் போதாது’ என்றால் இன்னொன்றும் தேவை என்றுதான் பொருள். அந்த இன்னொன்று பெரியது என்று எழுத்தாளர் சொல்லவில்லை. நாம்தான் ஒரு படி தாண்டிவிடுகிறோம். விடை ‘ஆ’. சப்பென்று இருக்கிறதே என்று தோன்றலாம். அனுமானக் கேள்விகளில் சரியான விடை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

‘எப்போதும்’, ‘ஒருபோதும்’, ‘முழுவதும்’ போன்ற சொற்களைக் கவனிக்கும் பலர், ‘மணமே’ என்பதில் ஒட்டியிருக்கும் ஏகாரத்தைக் கோட்டைவிடுவார்கள். ஆனால் இத்தகைய சொல் இருப்பதாலேயே ஒரு விடையை அடித்துவிடக் கூடாது. பத்தியே ‘ஒருபோதும் இல்லை’ என்று சொன்னால் விடையும் அப்படிச் சொல்லலாம்.

பத்தியின் சொற்களை அப்படியே எடுத்து உறவை மட்டும் மாற்றிவிடுவது இன்னொரு பொறி: காரணம் விளைவாகிவிடும், விளைவு காரணமாகிவிடும். சரியான விடையோ வேறு சொற்களில் ஒளிந்திருக்கும். எழுத்தாளர் மறுப்பதற்காக மேற்கோள் காட்டிய கருத்தை அவருடைய கருத்தாகவே காட்டும் விடையும் வரும். ‘என்பர்’, ‘என்று கருதப்பட்டது’ போன்ற இடங்களில் யார் பேசுகிறார் என்று பாருங்கள். உலகறிந்த உண்மையாக இருந்தும் பத்தியில் ஆதாரம் இல்லாத விடை செல்லாது.

மையக்கருத்தைக் கேட்டால் அளவுகோல் மாறும். ஒரு விடை பத்தியில் உள்ள உண்மையாகவே இருக்கும், ஆனால் ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான் பொருந்தும், அது குறுகியது. பத்தி தொடாததையும் சேர்த்துக்கொள்வது அகன்றது. இரண்டும் வேண்டாம்.

‘பொருந்தாதது எது?’ என்ற கேள்வியில் ஒவ்வொரு விடைக்கும் அருகில் சரி, தவறு என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் கேள்வியை மறந்து, முதலில் கண்ட சரியான வாக்கியத்தையே குறித்துவிடுவது சர்வ சாதாரணம்.

இரண்டு விடைகளுக்கும் வேறுபாடே தெரியவில்லை என்றால் கேள்வியை மறுபடி படியுங்கள். ஒன்று வேறு கேள்விக்கான பதிலாக இருக்கக்கூடும். அப்படியும் பிடிபடாவிட்டால் குறைந்த அளவே அறுதியிட்டுச் சொல்லும் விடையைக் குறித்துவிட்டு நகருங்கள். திரும்பி வரும்போது, பத்தியில் ஒரு வரியைச் சுட்டிக்காட்ட முடிந்தால் மட்டும் மாற்றுங்கள்.