சுருளில் சிரின் பறவை

ரஷ்யக் கதைகளில் வரும் சிரினுக்குப் பெண் முகம், பறவை உடல். அக்கதைகளின் இன்னொரு பறவையான அல்கனோஸ்ட்டும் அப்படித்தான், ஆனால் அதற்குப் பல படங்களில் கைகளும் இருக்கும். சிரினுக்குச் சிறகு மட்டும் போதும்.

சுருளாகச் சுருட்டப்போகும் வழவழப்பான பருத்தித் தாளில் சிரினைப் பென்சிலால் லேசாக வரையுங்கள். தலையைச் சற்றே பெரிதாக வையுங்கள், லுபோக் எனும் பழைய ரஷ்ய நாட்டுப்புற அச்சுப் படங்களின் அழகே அதுதான்.

அடுத்தது தங்கம். வண்ணத்துக்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். என் முதல் சுருளில் சிவப்பைப் பூசிவிட்டுத் தங்க ரேக்கை, அதாவது மெல்லிய பொன் தகட்டை, வைத்தேன். இறகெல்லாம் பொன் துணுக்கு ஒட்டி, மூன்று நாள் உழைப்பு வீணானது. ஒளிவட்டத்திலும் கிரீடத்திலும் மட்டும் பசை தடவி, காய்ந்ததும் வாயால் ஊதி ஈரமாக்கி, ரேக்கை அழுத்துங்கள். ஒரு மணி நேரம் கழித்து அகேட் கல்லால் மெதுவாகத் தேய்த்தால் பளபளக்கும். அந்த நிமிடத்துக்காகவே நான் வரைகிறேன்.

அப்புறம் குவாஷ் எனும் ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்: சிவப்பு, பச்சை, கொஞ்சம் மஞ்சள். மெல்லிசாகப் பூசுங்கள், கனமாகப் பூசினால் சுருட்டும்போது வெடித்துவிடும். இறகுகளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு. முகத்தைக் கடைசியில், காலை வெளிச்சத்தில் வரையுங்கள்.