வாடகை வண்டியில் வெளியூர்ப் பயணம்: பில்லில் கூடிவிடும் தொகை

வெளியூர் செல்ல வண்டி பேசுபவர்களில் பலர் 'கிலோமீட்டருக்கு எவ்வளவு?' என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்வதை, மதுரையில் சுற்றுலா வண்டிகள் ஏற்பாடு செய்து தரும் நான் ஒவ்வொரு விடுமுறைக் காலத்திலும் பார்க்கிறேன். ஒரு ரூபாய் குறைக்க நெடுநேரம் பேரம் பேசுகிறவர்கள், பில்லை உண்மையில் தீர்மானிக்கும் விதிகளைக் கேட்பதே இல்லை.

நள்ளிரவில் மாறும் நாள்

பெரும்பாலான டிராவல்ஸ்களில் ஒரு நாள் என்பது வண்டி ஏறியதிலிருந்து 24 மணி நேரம் அன்று. நள்ளிரவு முதல் அடுத்த நள்ளிரவு வரை. அப்படி வரும் ஒவ்வொரு நாளுக்கும், வண்டி ஓடினாலும் நின்றாலும், பொதுவாக 250 கிலோமீட்டருக்கான குறைந்தபட்சத் தொகையும் ஓட்டுநருக்கான தினப்படியான பேட்டாவும் உண்டு.

அண்மையில் ஒரு குடும்பம் வேறோர் இடத்தில் வண்டி பேசி, வெள்ளி இரவு 9 மணிக்குக் கொடைக்கானல் புறப்பட்டு ஞாயிறு மாலை திரும்பியது. மலையில் சுற்றியதையும் சேர்த்து ஓடிய தூரம் 300 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. பில்லிலோ 3 நாள், 750 கிலோமீட்டர். 14 ரூபாய் வீதம் 10,500 ரூபாய், பேட்டா 1,200 ரூபாய். சனி அதிகாலை 4 மணிக்குக் கிளம்பியிருந்தால் 500 கிலோமீட்டருக்கு 7,000 ரூபாயும் 2 நாள் பேட்டா 800 ரூபாயுமாக முடிந்திருக்கும். வெள்ளி இரவின் அந்த 3 மணி நேரத்துக்கு அவர்கள் கொடுத்த விலை 3,900 ரூபாய். முன்பதிவின்போது புறப்படும் நேரத்தைக் குறித்துக்கொண்டவருக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் விடுவதுதான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. வண்டியைக் கையோடு வைத்துக்கொள்ளத் தேவையில்லாதவர்கள், போகவும் வரவும் தனித்தனியே டிராப் டாக்ஸி (ஒரு வழிப் பயணத்துக்கு மட்டும் பேசும் வண்டி) பேசினால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

ஷெட் கிலோமீட்டர்

தூரம் உங்கள் வாசலிலிருந்து அல்லாமல் வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்து ஷெட் வரை கணக்கிடப்படலாம். எது என்று முன்பே கேட்டு, ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டரைப் படமெடுத்து, டிரிப் ஷீட்டில் எழுதியிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டபின் கையெழுத்திடுங்கள்.

சுங்கம்

பல சுங்கச்சாவடிகளில் 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போக வர ஒன்றரை மடங்குதான் கட்டணம். இரு மடங்கு எழுதியிருந்தால் ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியைக் காட்டச் சொல்லுங்கள்.

மலைக் கட்டணம், இ-பாஸ்

மலை ஏறுவதற்குத் தனித் தொகை கேட்பது வழக்கம். அது எவ்வளவு என்பதை முன்பணம் அனுப்புவதற்கு முன் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸை (வண்டிகளுக்கான நுழைவு அனுமதி) அரசு இணையதளத்தில் இலவசமாகவே பெறலாம். அதற்கென்று பில்லில் ஒரு தொகை இருந்தால் கொடுக்காதீர்கள்.

வெள்ளை போர்டு வண்டி

வாடகைக்கு ஓட்ட அனுமதியில்லாத, வெள்ளை எண் பலகை கொண்ட சொந்த வண்டி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை மறுக்கப்படலாம்.