லேசான ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர்: செப்பாங் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் செப்பாங் பந்தயப் பாதையில் டிராக் டே அன்று, அதாவது சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டும் நாளில், கார்கள் நிறுத்தும் பேடாக்கில் புதிதாக ஒரு எம்எக்ஸ்-5 வந்து நின்றால் நான் பானெட்டுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. குனிந்து டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிப்பேன். அன்றைய நாள் அந்தக் காருக்கு எப்படிப் போகும் என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். வருகிற ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. ஆரம்பத்தில் நானும் அந்த வழியாக வந்தவன் என்பதால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

காற்றே பார்க்காமல் வருவது, மொட்டையான டயரோடு வருவது எல்லாம் இங்கே வேண்டாம். அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும். நான் பேசுவது 1,000, 1,100 கிலோ எடைக்குள் அடங்கும் பின்சக்கர இயக்கக் கார்களைப் பற்றி: மாஸ்டா எம்எக்ஸ்-5, லோட்டஸ் எலிஸ், டொயோட்டா எம்ஆர்-எஸ் போன்றவை. அதிலும், காரை டிரெய்லரில் ஏற்றி வராமல், வீட்டிலிருந்து ஓட்டி வந்து, டிராக்கில் ஓட்டி, அதே டயரில் வீடு திரும்புகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ட்ரெட்வேர் எண்ணைப் பார்த்து மட்டும் வாங்குவது

200 என்றால் நன்றாகப் பிடிக்கும், 300 என்றால் பிடிக்காது என்று பலர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அது அமெரிக்கத் தர முறையில் வரும் தேய்மான எண். டெக்சாஸில் 400 மைல் பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்றி, மொத்தம் 7,200 மைல் ஓட்டி, ஒப்பீட்டு டயரோடு தேய்மானத்தை வைத்துப் பார்த்து, டயர் கம்பெனி தானே தன் டயருக்குப் போட்டுக்கொள்வது. பிடி எவ்வளவு என்று அது சொல்லாது. பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், ஹான்கூக் ஆர்எஸ்4 இரண்டிலும் 200 என்றுதான் இருக்கும். முதலாவது ஒரு நல்ல சுற்று நேரம் எடுக்கச் செய்த டயர், சீக்கிரம் தேயும். இரண்டாவது கொஞ்சம் மெதுவு, ஆனால் நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்கும். புதிதாகப் பழகுகிறவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். முதல் வருடம் உங்களுக்கு வேண்டியது நிறைய சுற்றுகள்.

கனத்த கார்க்காரர் பேச்சைக் கேட்டு அகல டயர் போடுவது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சலூட்டும் விஷயம். கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

ஒரு தம்பி. நல்ல ஓட்டுநர், பொறுமைசாலி, கார் இரண்டு லிட்டர் எம்எக்ஸ்-5. தொழிற்சாலையிலிருந்து அதில் வருவது 7 அங்குல அகல ரிம், 205/45 ஆர்17 டயர் (205 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம்). அதில் ஓட்டியபோது வளைவில் பின்பக்கம் மெல்ல வழுக்கும், அவரும் அழகாகத் திருத்திக்கொள்வார். அந்த வழுக்கலைக் குறையாக எடுத்துக்கொண்டார். ரிம் கடையில் அவருக்கு ஆலோசனை சொன்னவர் ஓட்டுவது 1,600 கிலோ எடையுள்ள டர்போ செடான். அடுத்த முறை இவர் வந்தபோது 9 அங்குல ரிம்மில் 245/40 ஆர்17 செமி ஸ்லிக், அதாவது பள்ளம் குறைவான டிராக் டயர். "அண்ணே, 245 போட்டாச்சு. இனி வளைவுல வழுக்கவே வழுக்காது" என்றார். பிரேக் பேடுக்கும் அலைன்மெண்டுக்கும் ஒதுக்கி வைத்திருந்த பணம் முழுவதும் அந்த நான்கு சக்கரத்தில் போயிருந்தது.

அகல டயர் போட்டால் தரையில் அதிக ரப்பர் பதியும் என்பதுதான் எல்லோருடைய நம்பிக்கையும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,060 கிலோ கார், சக்கரத்துக்கு 265 கிலோ. காற்று 29 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ. அப்படியானால் தரையில் பதியும் பரப்பு சுமார் 130 சதுர சென்டிமீட்டர். டயர் 205 ஆனாலும் 245 ஆனாலும் இந்தப் பரப்பு பெரிதாக மாறாது, ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது எடையும் காற்றும். மாறுவது அதன் வடிவம்: அகலம் கூடி, நீளம் குறையும். உலர்ந்த வளைவில் அந்த வடிவத்தால் நன்மை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த நன்மையை எடுக்க சக்கரம் தரையில் தட்டையாக நிற்க வேண்டும். அதற்கு கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும் அளவு) வேண்டும், ஸ்பிரிங் வேண்டும், டயரின் எல்லை வரை துணிந்து போகத் தெரிந்த ஓட்டுநரும் வேண்டும்.

இன்னொன்று. அந்த 245 டயர் கூடுதல் சுமைக்குக் கட்டிய எக்ஸ்எல் வகை, சுமைக் குறியீடு 95. ஒரு டயர் 690 கிலோ தாங்கும் என்று பொருள். 205/45 ஆர்17-இல் சாதாரணமாக இருப்பது 84, அதாவது 500 கிலோ. அதுவே இந்தக் காருக்குத் தாராளம். 690 கிலோவுக்குக் கட்டிய விறைப்பான பக்கச்சுவரை 265 கிலோ அழுத்தினால் அது எங்கே வளைந்து கொடுக்கும்? பாதையோர மேடான கெர்பில் ஏறும்போது கார் துள்ளுகிறது. ஸ்டியரிங்கில் வரவேண்டிய தகவல் வருவதில்லை. எல்லை நெருங்குகிறது என்று முன்பு மெல்ல வழுக்கிச் சொன்ன கார், இப்போது எதுவும் சொல்லாமல் பிடித்துக்கொண்டே போய், திடீரென்று விட்டுவிடுகிறது. லேசான காரை வாங்கியதே அந்தப் பேச்சைக் கேட்கத்தானே.

லோட்டஸ்காரர்களுக்கு இது தெரியும். இரண்டாம் தலைமுறை எலிஸுக்கு அவர்கள் முன்பக்கம் போட்டது 175/55 ஆர்16. இன்றைய குடும்பக் கார் பலவற்றில் இருப்பதைவிட ஒல்லியான டயர் அது. ஆனாலும் அந்தக் காரின் ஸ்டியரிங்கை ஓட்டிப் பார்த்தவர்கள் யாரும் மறப்பதில்லை.

குளிர் நாடுகளில் அகல டயருக்கு எதிராக வேறு காரணம் சொல்வார்கள்: லேசான கார் அதைச் சூடேற்றாது என்று. செப்பாங்கில் வெயில் நாளில் தார் 50 டிகிரியைத் தாண்டும், அந்தக் கவலை நமக்கில்லை. நமக்குள்ள சிக்கல் மழை. 2009-இல் இங்கே நடந்த ஃபார்முலா ஒன் பந்தயமான மலேசிய கிராண்ட் பிரீயை மாலை 5 மணிக்கு வைத்தார்கள். மழை கொட்டி 56 சுற்றுப் பந்தயம் பாதியில் நின்று, 31 சுற்று முடிவை வைத்து, பாதிப் புள்ளிகள்தான் கொடுத்தார்கள். உலகத்தின் மிகச் சிறந்த மழை டயர்கள் மாட்டிய கார்களாலேயே அங்கே நிற்க முடியவில்லை. அந்த மாலை நேரத்தில்தான் நாம் டிராக் டே முடிந்து வீட்டுக்குப் புறப்படுகிறோம்.

டயர் தண்ணீரில் மிதக்கும் வேகத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1960-களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்துக் கண்டுபிடித்தது. காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ-யில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கினால் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். 29 பிஎஸ்ஐ என்றால் மணிக்கு 90. டிராக்குக்காகக் காற்றை இறக்கி 24 ஆக்கியிருந்தால் 82. ஆழமான பள்ளம் உள்ள ரோட் டயர் தண்ணீரை வெளியே தள்ளிவிடுவதால் இதைவிட அதிகம் தாங்கும். தேய்ந்த செமி ஸ்லிக் கிட்டத்தட்ட இந்தக் கணக்கில்தான் நிற்கும். அதன்மேல் அகலம் கூடி நீளம் குறைந்த அந்த வடிவம் வேறு: தண்ணீர் பக்கவாட்டில் தப்பிக்க அதிக தூரம், டயருக்குக் கிடைப்பதோ குறைந்த நேரம்.

அந்தத் தம்பி அன்று மூன்றரை மணிக்குக் கிளம்பினார். எலைட் நெடுஞ்சாலையில் மழை பிடித்துக்கொண்டது. வேகமாகவும் போகவில்லை, 90 இருக்கும் என்றார், அவரை நம்புகிறேன். பள்ளமான இடத்தில் தேங்கிய தண்ணீரில் பின்பக்கம் போய், கார் ஒரு முழுச் சுற்று சுற்றி, இரும்புத் தடுப்பில் இடித்து நின்றது. அவருக்கு ஒன்றுமில்லை. காரின் பின் ஓரம் நசுங்கி, சஸ்பென்ஷன் கை வளைந்து, மாதக்கணக்கில் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. பிறகு அந்த டயர்களை நான் பார்த்தேன். நடுப்பள்ளத்தில் நாணயத்தின் விளிம்பு பாதிகூட இறங்கவில்லை. ரப்பரில் சூடாக ஒட்டிய டிராக் துகள்கள் அப்படியே காய்ந்திருந்தன. காலையில் அவ்வளவு பிடித்த அதே ரப்பர்தான்.

ஆலோசனை சொன்னவர் தன் காருக்குச் சரியானதைத்தான் சொன்னார். 1,600 கிலோ காருக்கு 245 தேவை, அதன் எடையும் காற்றும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். எதிரில் இருப்பது எந்தக் கார் என்று பார்க்காமல் சொன்னதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

அகல டயருக்கும் நேரம் வரும். காரை டிரெய்லரில் கொண்டுவந்து, கேம்பரை இரண்டரை டிகிரிக்கு மேல் வைத்து, நொடியில் பத்தில் ஒரு பங்கைத் தேடும்போது போடுங்கள். அதுவரை தொழிற்சாலை அளவு போதும். ரோட் டயரில் தொடங்க வேண்டுமானால் மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் வரிசை, அடுத்த படிக்கு ஆர்எஸ்4 அல்லது யோக்கோஹாமா நியோவா ஏடி09.

இறக்கிய காற்றோடு வீடு திரும்புவது

டிராக்கில் காற்று 5 முதல் 8 பிஎஸ்ஐ வரை ஏறும். அதனால் காலையில் 24, 25-இல் தொடங்கி, சூடான டயரில் 31, 32 வருமாறு வைப்போம். இறங்கி வந்த உடனே அளந்து, அதிகமாக இருந்தால் கொஞ்சம் விடுவோம். கனத்த காருக்குச் சொல்லப்படும் 36, 38 நமக்கில்லை, அந்த அழுத்தத்தில் டயரின் நடுப்பகுதி மட்டும் வேலை செய்யும்.

நாள் முடிந்து டயர் ஆறியதும் மறுபடி 29-க்கு ஏற்றாமல் கேட்டைத் தாண்டாதீர்கள். பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் ஒன்று காரில் இருக்கட்டும். அது ரிம்மைவிட மலிவு.

ஓரம் தேய்ந்ததற்கு டயரைத் திட்டுவது

செப்பாங் கடிகாரத் திசையில் ஓடும் பாதை, வலது வளைவுகள் அதிகம். இடது முன் டயரின் வெளி ஓரம்தான் முதலில் போகும். விரலால் தடவினால் உள்பக்கம் புதுசு மாதிரி வழவழவென்று இருக்கும், வெளிப்பக்கம் ரம்பப் பல் மாதிரி விரலில் குத்தும். கம்பெனியைத் திட்டிவிட்டு வேறு கம்பெனி டயர் வாங்குகிறார்கள். அதுவும் அப்படியே தேய்கிறது.

வெள்ளை ஷூ பாலிஷால் டயரின் ஓரத்திலிருந்து பக்கச்சுவர் வரை ஒரு கோடு போடுங்கள். நாலைந்து சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் சாய்ந்திருக்கிறது. பக்கச்சுவரில் இருக்கும் சின்ன முக்கோணக் குறியைத் தாண்டி அழிந்திருந்தால் காற்று குறைவு அல்லது கேம்பர் குறைவு. எம்எக்ஸ்-5-இல் நான்கு சக்கரத்துக்கும் கேம்பரைத் தொழிற்சாலை போல்ட்டிலேயே மாற்றலாம், தனிப் பாகம் எதுவும் வேண்டாம். ஒரு செட் டயரின் விலையோடு பார்த்தால் அலைன்மெண்ட் கூலி ஒன்றுமே இல்லை. ரேஸ் கார் அலைன்மெண்ட் செய்து பழகிய கடைக்குப் போங்கள். "கம்ப்யூட்டரில் பச்சை வந்துவிட்டது, போதும்" என்று சொல்லும் கடை வேண்டாம்.

வாங்கும்போதே டயரின் சுழலும் திசையையும் பாருங்கள். ஒரே திசை டயரை முன்பின் மட்டும்தான் மாற்ற முடியும். இடம் வலமாக மாற்ற ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். இடது பக்கமே தேயும் பாதையில் இது சின்ன விஷயம் இல்லை.

முன்னால் ஒரு டயர், பின்னால் ஒரு டயர்

வேண்டாம். அதிலும் நல்ல ஜோடியை முன்னால் மாட்டாதீர்கள்.

பழைய ஸ்டாக்

பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மலிவாகக் கிடைக்கும் செமி ஸ்லிக் ஏன் மலிவு என்பது பெரும்பாலும் அதில் இருக்கும்.

செமி ஸ்லிக்கும் ஆயிலும்

டயர் அதிகம் பிடித்தால் நீண்ட வளைவில் ஆயில், எஞ்சினின் அடியில் அது தேங்கும் சம்பின் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். சம்பில் தடுப்புத் தகடு இல்லாத எலிஸுக்கு டோயோ ஆர்888ஆர் மாதிரி டயர் மாட்டுவதற்கு முன் எஞ்சின் தெரிந்தவரிடம் பேசுங்கள்.

ரேஸ் டீம் கழற்றிப் போட்ட ஸ்லிக்

ஸ்லிக் என்றால் பள்ளமே இல்லாத பந்தய டயர். ரப்பர் பாக்கி இருப்பது போலத் தெரியும், விலையும் கையைக் கடிக்காது. ஆனால் சூடாகி ஆறி, சூடாகி ஆறி ரப்பர் இறுகிப்போயிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழவில்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.