ஆஸ்பத்திரி கட்டிலிலேயே தொடங்கலாம்: வயதானவர்களுக்கான கால் வலுப் பயிற்சி

நிமோனியா குணமாகிவிட்டது. ஆனால் அப்பாவால் கழிப்பறைக்குத் தனியாகப் போக முடியவில்லை. காய்ச்சல் விட்டுவைத்த தெம்பையும் ஒன்பது நாள் படுக்கை எடுத்துக்கொண்டிருந்தது.

2007-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 12 முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்துபோனது. நோயே இல்லாதவர்களுக்கு இந்தக் கதி! ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரில் 75 வயதோ அதற்கு மேலோ ஆன 370 உள்நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. ஒரு பிரிவினர் சில நாட்கள் காலையும் மாலையும் 20 நிமிடம் வலுப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி, நடை என்று செய்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, தங்கள் வேலைகளைத் தாங்களே செய்துகொள்வதில் அவர்கள் டிஸ்சார்ஜின்போது தெளிவாக முன்னால் இருந்தார்கள். அவர்களின் சராசரி வயது 87.

முதலில் கேட்க வேண்டியது

"பயிற்சி செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்டால், "பார்த்துச் செய்யுங்க" என்ற பதில்தான் வரும். "கட்டிலை விட்டு இறங்கி நிற்கலாமா? எந்தக் காலில் எடை போடக் கூடாது? எந்த டியூப் இழுபடக் கூடாது?" என்று கேளுங்கள். புதிதாக மாரடைப்பு, கால் ரத்தக்குழாயில் ரத்த உறைவு, சரிசெய்யாத எலும்பு முறிவு, கட்டுக்கு வராத பிபி இருந்தால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை எதுவும் வேண்டாம். முதல் நாள் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருப்பது நல்லது.

படி 1: படுத்தபடி

பாதத்தை முகம் பக்கம் இழுத்து, பிறகு கீழ்நோக்கி நீட்டவும். 10 முறை. அடுத்து, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதை நசுக்குவதுபோல் அழுத்தி 5 எண்ணும்வரை பிடிக்கவும். தொடையின் மேல் கை வைத்தால் தசை கல்லாக இறுகுவது தெரியும். தெரியவில்லையென்றால் அவர் சரியாக அழுத்தவில்லை.

படி 2: ஓரத்தில் உட்கார்தல்

கட்டில் ஓரத்தில், பாதம் தரையில் படும்படி இரண்டு நிமிடம் சும்மா உட்காரட்டும். படுத்தே கிடந்தவருக்கு எழுந்ததும் பிபி சரிந்து தலை சுற்றலாம். சுற்றினால் படுக்க வையுங்கள். அன்றைக்கு நிற்பதைப் பற்றி டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். தெளிவாக இருந்தால் ஒவ்வொரு காலாக முழங்காலை நீட்டி மடக்கட்டும். இது சுலபமாகிவிட்டால், கணுக்காலுக்குச் சற்று மேலே உங்கள் உள்ளங்கையை வைத்து லேசாக எதிர்த்துப் பிடியுங்கள். அதுதான் எடை. டம்பெல் தேட வேண்டாம்.

படி 3: உட்கார்ந்து எழுதல்

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால், இதைச் செய்யுங்கள். கழிப்பறையில் தேவைப்படும் அசைவு இதுதான்.

நான் செய்த தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். அப்பாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். கட்டிலின் சக்கரத்தைப் பூட்டவில்லை. கட்டில் பின்னால் நழுவ, இரண்டு பேரும் தடுமாறினோம். நல்லவேளை, நர்ஸ் ஓடிவந்து பிடித்தார். அதன்பிறகு எனக்குக் கிடைத்த திட்டு தனிக் கதை.

ஆகவே: சக்கரத்தைப் பூட்டுங்கள். வெறும் சாக்ஸ் வேண்டாம், வழுக்காத செருப்பு போடுங்கள். டிரிப்ஸ் ஸ்டாண்டை எழும் பக்கத்துக்கே நகர்த்துங்கள். யூரின் பை எங்கே தொங்குகிறது என்று பாருங்கள்.

இருக்கையின் முன்விளிம்புக்கு வந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைக்கட்டும். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனிந்து, மூச்சை விட்டுக்கொண்டே எழ வேண்டும். மூச்சைப் பிடித்தால் பிபி ஏறும். "ஒண்ணு, ரெண்டு" என்று சத்தமாக எண்ணச் சொல்லிவிட்டால் பிடிக்கவே முடியாது. உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்க வேண்டும். தசைக்கு வேலை இந்த இறக்கத்திலும் இருக்கிறது.

முடியவில்லையா? கட்டிலைக் கொஞ்சம் உயர்த்துங்கள். உயரம் கூடினால் எழுவது சுலபம், குறைந்தால் கடினம். நாளுக்கு நாள் சிறிது சிறிதாக இறக்குங்கள்.

படி 4: நின்றபடி

அசையாத எதையாவது இரு கைகளாலும் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்கவும். பின்னால் ஒரு நாற்காலி, பக்கத்தில் ஒரு ஆள்.

எத்தனை, எவ்வளவு?

8 முதல் 10 முறை ஒரு சுற்று. நடுவில் ஓய்வு விட்டு இரண்டு சுற்று. முடித்தபிறகு "இன்னும் ரெண்டு மூணு செய்யலாம்" என்று அவருக்குத் தோன்றினால் சுமை சரி. இன்னும் இருபது செய்யலாம் என்றால் அது வெறும் கையாட்டல்தான், வலு ஏறாது. நெஞ்சுவலி, மூச்சு வாங்கிப் பேச முடியாமை, குளிர்ந்த வியர்வை, புதிதாகக் குழப்பம் என்று எது வந்தாலும் உடனே நிறுத்தி நர்ஸைக் கூப்பிடுங்கள்.

மருந்துச்சீட்டின் பின்பக்கம் தேதி போட்டு, எத்தனை முறை எழுந்தார் என்று எழுதி வையுங்கள். அப்பாவின் முதல் நாள் கணக்கு 2, அதுவும் கை கொடுத்து. ஆறாம் நாள் 9. அன்று மாலை, "நீ வெளியே நில்லு" என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.