ஓய்வுக்காலத்துக்கு வெளிநாடு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலையை முடித்துக்கொண்டு வேறொரு நாட்டில் போய் வாழலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் 60 வயதை ஒட்டி அந்த முடிவை எடுக்கிறார்கள். அப்போது கால் நடக்கிறது, கண் தெரிகிறது, துணை பக்கத்தில் இருக்கிறது. அதனால் கடற்கரையும் மலைக்காற்றும் குறைந்த செலவும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. ஆனால் போகிற இடத்தில் 20, 25 வருடம் வாழப்போகிறோம். 62 வயதில் ஆசையாகத் தேர்ந்தெடுத்த ஊரில், 82 வயதில் ஒருவர் தனியாக மருந்துக்கடைக்கு நடந்து போக வேண்டியிருக்கும். நாடு தேடுவதில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி, அந்த 82 வயதுக்காரரை மறந்துவிடுவதால்தான் வருகின்றன.

விடுமுறையில் பார்த்த ஊரை நம்புவது

தாய்லாந்தின் சியாங் மாய், வெளிநாட்டு முதியவர்கள் விரும்பிக் குடியேறும் ஊர். டிசம்பரில் போனால் இதமான குளிர், தெளிந்த வானம். பிப்ரவரி பிற்பாதியிலிருந்து ஏப்ரல் வரை நிலைமை தலைகீழ். சுற்றுவட்டார வயல்களிலும் காடுகளிலும் எரியும் தீயின் புகை பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கும். உலகிலேயே மோசமான காற்றுள்ள நகரங்களின் பட்டியலில் சில நாட்களில் அந்த ஊர் முதலிடத்துக்கே போய்விடுகிறது. ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவருக்கு அந்த இரண்டு மாதம் சாதாரண விஷயம் இல்லை.

எக்வடோரின் குவென்காவையும் பலர் விரும்புகிறார்கள். எப்போதும் இளவேனில் போன்ற பருவநிலை என்பது உண்மைதான். அந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதும் உண்மை. நுரையீரல் பலவீனமானவர்கள் போவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். போர்ச்சுகலின் லிஸ்பனில் ஏற்ற இறக்கமான கல் பாவிய தெருக்கள் படத்தில் அழகாக இருக்கும். மூட்டுவலி வந்தபின் அதே தெருக்கள் வீட்டுச் சிறையாகிவிடும்.

ஆகவே, அந்த ஊரின் மிக மோசமான பருவத்தில் போய்த் தங்குங்கள். ஹோட்டல் வேண்டாம், வாடகை வீடு எடுங்கள். மின்கட்டணம் கட்டுங்கள், பல் மருத்துவரைப் பாருங்கள், பஸ்ஸில் போங்கள், அரசு அலுவலக வரிசையில் ஒருநாள் நில்லுங்கள். குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம். சுற்றுலாப் பயணியாக இருப்பதற்கும் குடியிருப்பதற்கும் உள்ள வேறுபாடு அப்போதுதான் புரியும்.

இன்றைய விதி என்றைக்கும் இருக்கும் என்று நினைப்பது

ஓய்வுக்கால விசா என்பது ஒரு நாடு தன் வசதிக்காகத் திறந்துவைக்கும் கதவு. வசதி மாறினால் கதவின் அளவும் மாறும். மலேசியாவின் 'மலேசியா மை செகண்ட் ஹோம்' திட்டம் 2002இல் தொடங்கியது. பல வருடங்களாக, வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய வருமானம் மாதம் 10,000 ரிங்கிட் என்றிருந்தது. 2020இல் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். 2021இல் மறுபடி அறிவித்தபோது அந்த வருமானம் 40,000 ரிங்கிட்டாக உயர்ந்திருந்தது, 10 லட்சம் ரிங்கிட் வைப்புத்தொகையும் கேட்டார்கள். 2024இல் மறுபடியும் மாற்றி, வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று பிரித்து, வீடு வாங்குவதையும் கட்டாயமாக்கினார்கள். நான்கே வருடத்தில் இத்தனை மாற்றம்.

வரிச்சலுகையும் அப்படித்தான். போர்ச்சுகல் 2009இல் கொண்டுவந்த சலுகைத் திட்டத்தின் கீழ், அங்கே குடியேறியவர்களில் பலருக்கு வெளிநாட்டு ஓய்வூதியத்துக்கு 10 வருடம் வரியே இல்லாமல் இருந்தது. 2020இல் புதிதாக வருபவர்களுக்கு அது 10 சதவீத வரியானது. 2024 தொடக்கத்தில் இடைக்கால விதிவிலக்குகளைத் தவிர, புதியவர்களுக்குத் திட்டமே மூடப்பட்டது. இன்னொரு பக்கமும் உண்டு. தன் நாட்டு ஓய்வூதியம் போர்ச்சுகலில் வரியில்லாமல் போவதைப் பொறுக்காத ஃபின்லாந்து, ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி விழாமல் இருக்க அந்த நாட்டுடன் செய்திருந்த வரி ஒப்பந்தத்தையே 2019 முதல் முறித்துக்கொண்டது. ஸ்வீடன் 2022இல் அதையே செய்தது. போகிற நாடு மட்டுமல்ல, விட்டுவந்த நாடும் விதியை மாற்றும் என்பதை நிறையப் பேர் யோசிப்பதில்லை.

தாய்லாந்தில், வெளிநாட்டில் ஈட்டிய பணத்தை அடுத்த வருடம் கொண்டுவந்தால் வரி இல்லை என்ற நடைமுறை நெடுநாள் இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் அது போய்விட்டது. வருடத்தில் 180 நாள் அங்கே தங்குபவர், அந்தத் தேதிக்குப் பிறகு ஈட்டிய வருமானத்தை எப்போது கொண்டுவந்தாலும் அது வரிக் கணக்கில் சேரும். சரி, வரி ஒப்பந்தம் இருக்கிறதே என்று கேட்கலாம். ஒப்பந்தம் எல்லா வகை ஓய்வூதியத்தையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. அரசு ஓய்வூதியம், தனியார் ஓய்வூதியம், முதலீட்டு வருமானம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளர் ஒருவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண்போகாது. அமெரிக்கக் குடிமக்கள் எங்கே வாழ்ந்தாலும் தங்கள் நாட்டுக்கும் வரிக்கணக்கு காட்டியே ஆக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சலுகையை மட்டும் நம்பி ஒரு நாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தச் சலுகை நாளையே போனாலும் அங்கே இருக்கத் தோன்றுமா, இருக்க முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

மருத்துவமனையைப் பார்த்துவிட்டு, பராமரிப்பை மறப்பது

இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. "அங்கே நல்ல மருத்துவமனை இருக்கிறது, செலவும் குறைவு" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். நல்ல மருத்துவமனை இருப்பது வேறு, உங்களுக்கு அதில் காப்பீடு இருப்பது வேறு. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர், சில அபூர்வ விதிவிலக்குகளைத் தவிர, நாட்டுக்கு வெளியே நடக்கும் சிகிச்சைக்குப் பணம் தராது. தனியார் காப்பீட்டு நிறுவனங்களில் பல 70, 75 வயதுக்கு மேல் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய அடைப்பு போன்றவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் பாலிசி தருவார்கள். நமக்கு வரக்கூடிய நோய் எதுவோ அதுவே விடுபட்டுப்போகிறது.

தாய்லாந்து 2019 அக்டோபர் கடைசியில், தன் ஓய்வுக்கால விசாக்களில் ஒரு வகைக்கு மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. கையில் பணம் இருந்தும் வயதின் காரணமாகக் காப்பீடு கிடைக்காத நிலையில் அப்படி ஒரு விதி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எனவே நாட்டை முடிவு செய்வதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை வயது வரை புதுப்பிப்பீர்கள், எந்த நோய்களை ஒதுக்குவீர்கள், பிரீமியம் 80 வயதில் என்னவாக இருக்கும்?

அப்புறம், முதுமையில் அறுவை சிகிச்சையைவிடப் பெரிய தேவை அன்றாடப் பராமரிப்பு. குளிக்க வைக்க, மாத்திரை எடுத்துக்கொடுக்க, இரவில் விழுந்தால் தூக்கிவிட ஓர் ஆள். பெற்றோரைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளும் வழக்கமுள்ள நாடுகளில் மருத்துவமனைகள் உயர்தரமாக இருக்கும், முதியோர் பராமரிப்பு இல்லங்கள் மட்டும் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும். அங்கே போய்ச் சேர்ந்த வெளிநாட்டவருக்குப் பிள்ளை பக்கத்தில் இல்லை. மறதி நோய் வந்தவர்களில் பலர், பிற்காலத்தில் கற்ற மொழியை இழந்து தாய்மொழிக்கே திரும்பிவிடுவதை மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். 30 வருடம் சரளமாகப் பேசிய மொழிகூட அப்படிப் போய்விடலாம் என்றால், 65 வயதில் அரைகுறையாகக் கற்ற மொழி என்ன ஆகும்? "வலிக்கிறது, இந்த இடத்தில்" என்று சொன்னால் புரிந்துகொள்ள அங்கே யாராவது இருப்பார்களா? ஊரைப் பார்க்கப் போகும்போது ஒரு பராமரிப்பு இல்லத்துக்கும் நேரில் போய்வாருங்கள். மனம் கனக்கும்தான், ஆனால் கடற்கரையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடம் அது.

ஒரு நாட்டின் பணத்தில் வருமானம், இன்னொரு நாட்டின் பணத்தில் செலவு

2015 நடுவில் ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்கு 1.40 யூரோ கிடைத்தது. 2016 ஜூனில், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகுவதா என்ற பிரெக்ஸிட் வாக்கெடுப்பு நடந்தது. 2017 ஆகஸ்டில் அதே பவுண்டுக்கு 1.10 யூரோகூடக் கிடைக்கவில்லை. மாதம் 1,000 பவுண்டு ஓய்வூதியத்தில் ஸ்பெயினில் வாழ்ந்தவர், தன் பக்கம் எந்தத் தவறும் இல்லாமல், மாதம் 300 யூரோவுக்கு மேல் இழந்தார். இன்றைய மாற்று விகிதத்தில் இறுக்கமாகக் கணக்குப் போடாதீர்கள். வருமானம் கால்வாசி குறைந்தாலும் வாடகையும் மருந்தும் நடக்க வேண்டும்.

ஓய்வூதியம் வருடாவருடம் ஏறுமா என்பதையும் பாருங்கள். பிரிட்டன் தன் அரசு ஓய்வூதியத்தை, பெறுபவர் எந்த நாட்டில் வாழ்கிறார் என்பதைப் பொறுத்து உயர்த்துகிறது. அமெரிக்காவில் வாழ்பவருக்கு ஏறும், எல்லையைத் தாண்டி கனடாவில் வாழ்பவருக்கு ஏறாது. பிலிப்பைன்ஸில் ஏறும், தாய்லாந்தில் ஏறாது. ஏறாத நாட்டுக்குப் போனால் அன்று இருந்த தொகையே கடைசிவரை. முதல் இரண்டு வருடம் தெரியாது, 20வது வருடத்தில் நன்றாகத் தெரியும்.

எல்லாப் பணத்தையும் போகிற நாட்டின் ஒரே வங்கிக்கு மாற்றுவதும் தவறு. 2013இல் சைப்ரஸில் அந்நாட்டின் மிகப் பெரிய வங்கி, ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் இருந்த வைப்புத்தொகையில் 47.5 சதவீதத்தைப் பங்குகளாக மாற்றிவிட்டது.

வந்த கையோடு வீடு வாங்குவது

இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: முதல் வருடம் வாங்காதீர்கள். பல நாடுகளில் வெளிநாட்டவருக்குச் சொத்துரிமை நீங்கள் நினைப்பதுபோல் இல்லை. தாய்லாந்தில் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடி வீடு வாங்கலாம், அதுவும் ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதத்துக்குள். குத்தகைக்குச் சட்டம் அனுமதிக்கும் காலம் 30 வருடம். மெக்சிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் நாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் வங்கி ஒன்று உங்களுக்காக உரிமையைத் தன் பெயரில் வைத்திருக்கும் அறக்கட்டளை (டிரஸ்ட்) ஏற்பாட்டில்தான் வீடு வைத்துக்கொள்ள முடியும். இதையெல்லாம் தாண்ட, உள்ளூர்க்காரர் பெயரில் பினாமியாக வாங்கச் சொல்லி ஆலோசனை வரும். தயவுசெய்து அதற்கு மட்டும் இணங்காதீர்கள். பிரச்சினை வந்தால் நீதிமன்றத்தில் நீங்கள் பேசவே முடியாது.

பத்திரம் சரியாக இருப்பது மட்டும் போதாது, கட்டட அனுமதியும் சரியாக இருக்க வேண்டும். ஸ்பெயினின் வேரா என்ற ஊரில், உள்ளூராட்சி அனுமதி கொடுத்து ஓய்வு பெற்ற பிரிட்டிஷ் தம்பதி கட்டிய வீட்டை, அந்த அனுமதியே செல்லாது என்று சொல்லி 2008 ஜனவரியில் இடித்தார்கள். விற்பவரோ தரகரோ கைகாட்டும் வழக்கறிஞரை விட்டுவிட்டு, நீங்களாகத் தேடிய வழக்கறிஞரிடம் காகிதங்களைக் கொடுங்கள்.

இருவரில் ஒருவர் போனபின் என்ன என்று பேசாமல் இருப்பது

தம்பதிகள் இந்தப் பேச்சை ஒத்திப்போட்டுக்கொண்டே போகிறார்கள். காரணம் புரிகிறது. ஆனால் பேசியாக வேண்டும். கணவருடைய ஓய்வூதியத்தைக் காட்டி விசா வாங்கியிருக்கிறார்கள், மனைவி அவரைச் சார்ந்தவராக அதில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவர் இறந்தால் மனைவியின் விசா நிலைக்குமா? துணைக்கு வரும் ஓய்வூதியம் பல இடங்களில் பாதிதான். அந்தப் பாதி, விசாவுக்கான குறைந்தபட்ச வருமானத்தை எட்டுமா? வங்கிக் கணக்கு முடக்கப்பட்டால் அந்த மாதச் செலவுக்கு மனைவி பெயரில் தனிக் கணக்கு இருக்கிறதா? வண்டி ஓட்டத் தெரியுமா? மொழி பேசுபவர் கணவர் மட்டும்தானா?

உயில் விஷயத்தில் ஒன்று. டென்மார்க், அயர்லாந்து தவிர்த்த ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், 2015 ஆகஸ்ட் 17 முதல், ஒருவர் கடைசியாக வழக்கமாக வாழ்ந்த நாட்டின் வாரிசுரிமைச் சட்டமே பொதுவாக அவர் சொத்துக்குப் பொருந்தும். என் சொந்த நாட்டுச் சட்டம்தான் பொருந்த வேண்டும் என்று உயிலில் தெளிவாக எழுதிவைக்க அனுமதி உண்டு. எழுதாமல் விட்டால், பிரான்ஸ் போன்ற நாடுகளில் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு போய்விடும், வாழும் துணை அதே வீட்டில் இருப்பதே சிக்கலாகலாம். இதற்கு ஒரு பத்தி போதும், ஆனால் அதை ஆரோக்கியமாக இருக்கும்போதே எழுத வேண்டும்.

திரும்பும் வழியை அடைத்துவிட்டுப் போவது

உடல்நலம் குன்றியோ, தனிமை தாங்காமலோ, பேரக்குழந்தைகளின் ஏக்கத்தாலோ திரும்பி வருபவர்கள் உண்டு. அதில் தோல்வி ஒன்றும் இல்லை. ஆனால் சொந்த வீட்டை விற்று, எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போனவர்களுக்கு அந்த வழி மிகவும் கடினம். போன சில வருடங்களில் பழைய ஊரின் வீட்டு விலை கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருக்கலாம். அமெரிக்கர் ஒருவர் வெளிநாட்டில் பயன்படாது என்று மெடிகேரில் மருத்துவரைப் பார்க்கும் செலவு போன்றவற்றுக்கான 'பி' பகுதியை விட்டுவிட்டுப் போய், ஐந்து வருடம் கழித்துத் திரும்பினால், விட்ட ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 10 சதவீதம் என்று 50 சதவீதம் கூடுதல் பிரீமியம் பொதுவாக ஆயுள் முழுக்கக் கட்ட வேண்டிவரும். எனவே முதல் இரண்டு வருடமாவது வீட்டை விற்காமல் வாடகைக்கு விடுங்கள், சொந்த நாட்டில் ஒரு வங்கிக் கணக்கை உயிரோடு வையுங்கள், இரண்டு பேர் திரும்பி வந்து ஆறு மாதம் சமாளிக்கும் அளவு பணத்தைத் தனியாக ஒதுக்கிவிட்டு விமானம் ஏறுங்கள்.